பெற்றோரைப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைக்காதீர்கள்

"கொஞ்சம் பேச வேண்டும்" என்று மழலையர் பள்ளி ஆசிரியர் சொன்னதும் ஒரு தாயின் முகம் வாடினால், அந்தப் பள்ளி முதல் தவறை எப்போதோ செய்துவிட்டது. பிள்ளை கடித்தான், அழுதான், சாப்பிடவில்லை என்று சொல்ல மட்டுமே அவரைத் தேடியிருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த குழந்தைக்கு அவன் பொம்மையைக் கொடுத்ததைச் சொல்ல அரை நிமிடம் போதும். முதல் வாரத்திலேயே அப்படி ஒரு நல்ல சேதி போயிருந்தால், பிறகு சிக்கலைப் பேசுவதும் எளிது.

கூட்டத்துக்கு வராதவர்களை அக்கறையற்றவர்கள் என்று எழுதிவிடுவதும் வழக்கமாக இருக்கிறது. வேலை நேரத்தில் கூட்டம் வைத்தால் கூலி இழந்து யார் வருவார்? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962-இல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளித் திட்டத்தில், ஆசிரியர்கள் வாரந்தோறும் வீடு தேடிச் சென்று தாயோடும் குழந்தையோடும் சுமார் ஒன்றரை மணி நேரம் செலவிட்டார்கள். ஆனால் ஒன்று: போன இடத்தில் அடுக்களையை நோட்டம் விட்டால் அது வருகையல்ல, சோதனை.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது, "வீட்டிலும் பள்ளி மொழியிலேயே பேசுங்கள்" என்ற அறிவுரை. நல்லெண்ணத்தோடு சொல்வதுதான், விளைவுதான் மோசம். அந்த மொழியில் தடுமாறும் தந்தை கதை சொல்வதை நிறுத்திவிடுகிறார். பாட்டி பேச்சையே குறைத்துக்கொள்கிறார். மிச்சமிருப்பது "வா, போ, சாப்பிடு" மட்டுமே. பெரியது சிறியது, முன்பு பின்பு, ஏன் எதற்கு என்பதையெல்லாம் தாய்மொழியில் புரிந்துகொண்ட குழந்தைக்கு, இரண்டாம் மொழியில் புதிதாகக் கற்க வேண்டியவை பெரும்பாலும் சொற்களே. வீட்டுமொழியில் நிறையப் பேசுங்கள், பாடுங்கள் என்று சொல்வதே சரி.

ஊர்க்காரர்களை நன்கொடைக்கு மட்டும் அணுகும் பள்ளிகளும் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல், இத்தாலியின் ரெஜியோ எமிலியா அருகே மக்கள், போரில் கைவிடப்பட்ட பீரங்கி வண்டியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்றுத் தங்கள் கையாலேயே பாலர் பள்ளி கட்டினார்கள். பணத்தோடு உழைப்பும் அவர்களுடையது. அதனால் பள்ளி எப்படி நடக்க வேண்டும் என்பதிலும் அவர்களுக்குப் பேச்சு இருந்தது.

எல்லாவற்றையும் முடிவு செய்த பிறகு கருத்துக் கேட்பதைப் பெற்றோர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். போன முறை அவர்கள் சொன்னதில் எதைச் செய்தீர்கள், எதைச் செய்யவில்லை, ஏன் என்பதை அடுத்த கூட்டத்தின் முதல் பேச்சாக வையுங்கள்.