பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் ஒன்றை மதிப்பிடுவது எப்படி?

இந்தியாவின் பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களான தடா, பொடா, இன்று நடைமுறையிலுள்ள உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) ஆகியவற்றில் எதை மதிப்பிட விரும்பினாலும், தண்டனைகளின் கடுமையோடு நின்றுவிடாமல், குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பளிக்கப்படாத ஒருவரை அச்சட்டம் எப்படி நடத்துகிறது என்பதை முதலில் பாருங்கள்.

பிணைப் பிரிவிலிருந்து தொடங்குவது நல்லது. மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008 டிசம்பரில் உபாவில் சேர்க்கப்பட்ட 43டி பிரிவின்படி, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாமலே ஒருவரை 180 நாள் வரை காவலில் வைக்கலாம். குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் உண்டு என்று நீதிமன்றம் கருதினால் பிணை தர முடியாது. விசாரணை அளவுகடந்து நீளும்போது அரசமைப்பு நீதிமன்றங்கள் (உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும்) பிணை வழங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியிருப்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

அடுத்தது வாக்குமூலம். இதில் சற்று நின்று கவனியுங்கள். காவல் கண்காணிப்பாளர் நிலையில் உள்ள அதிகாரியிடம் அளிக்கும் வாக்குமூலத்தைத் தடா சாட்சியமாக ஏற்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம் 1998இல் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது; மறு ஆண்டு உச்ச நீதிமன்றம், தடா குற்றங்கள் நிரூபணமாகவில்லை என்று கூறி 19 பேரை விடுவித்தாலும், அச்சட்டத்தின்கீழ் பெறப்பட்ட வாக்குமூலங்களை ஏற்று மற்றவர்களைத் தண்டித்தது. 2002இல் காந்திநகர் அக்‌ஷர்தாம் கோயில் தாக்கப்பட்ட வழக்கில், மூவருக்கு மரண தண்டனை உட்பட, பொடாவின்கீழ் தண்டிக்கப்பட்ட ஆறு பேரையும் உச்ச நீதிமன்றம் 2014இல் விடுதலை செய்தது. குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள் சிறையிலிருந்த அந்த ஆண்டுகளில் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கும் நீதி கிடைக்கவில்லை என்பதை, கடுமையான சட்டமே பாதுகாப்பு என்போர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உபாவில் காவல்துறையிடம் அளிக்கும் வாக்குமூலம் சாட்சியமாகாது. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் சட்டம் எத்தனை ஆண்டு நீடிக்கும் என்ற காலவரம்பை அதில் தேடினால் கிடைக்காது. தடா இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தின் நீட்டிப்பை நாட வேண்டியிருந்ததால்தான் 1995இல் காலாவதியானது. பொடாவுக்கு மூன்றாண்டு வரம்பு இருந்தது. 2004இல் பொடா நீக்கப்பட்டபோது, அதன் பயங்கரவாதப் பிரிவுகள் பலவும் காலவரம்பில்லாத உபாவுக்குள் இடம்பெயர்ந்தன. எனவே ஒரு சட்டம் ரத்தானது என்ற செய்தியைப் படித்தவுடன், அதன் அதிகாரங்கள் எங்கே போயின என்று தேடுங்கள்.

இதற்கு எளிய தீர்வு கிடையாது. சாட்சிகள் அஞ்சுகிறார்கள், உளவுத் தகவலை வெளிப்படையாக நீதிமன்றத்தில் வைக்க இயலாது, தாக்குதல் நடக்காத ஆண்டுக்குச் சட்டம்தான் காரணமா என்பதையும் நிறுவ முடியாது. ஆகவே, அளக்கக்கூடியதை அளந்து பாருங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் உபா வழக்குகளைக் காணலாம். கைதுகளின் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், விசாரணை நிலுவையையும் விடுதலைகளையும் தொடர்ச்சியாகப் பல ஆண்டுகளுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். ஓராண்டின் தீர்ப்புகள் பெரும்பாலும் முந்தைய ஆண்டுகளின் கைதுகளுக்கு உரியவை என்பதால், ஒரே ஆண்டின் எண்களை ஒப்பிட்டால் தவறான முடிவே கிடைக்கும்.