தரையை ஒட்டிப் பறந்தால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள்

ரிமோட் ஹெலிகாப்டர் பழக ஆசைப்படுகிறவர்கள் முதல் தவறைக் கடையிலேயே செய்துவிடுகிறார்கள். தலைகீழாகப் பல்டி அடிக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு அதே ரகத்தை வாங்கிவிடுவது. அது காலெக்டிவ் பிட்ச். ரோட்டரின், அதாவது உச்சியில் சுற்றும் இறக்கைகளின், வேகம் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும், இறக்கைகளின் சாய்வு மாறும். அதனால் விரல் அசைந்த கணமே ஏறிவிடும், இறங்கிவிடும். 450 என்ற அளவு வகை ஹெலிகாப்டரில் 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள ரோட்டர் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றினால், இறக்கை நுனியின் வேகம் மணிக்கு 330 கிலோமீட்டர். பழகுகிறவர் கையில் இது கத்திதான்.

அதற்கு நேரெதிர், மேலும் கீழுமாக இரண்டு ரோட்டர் எதிரெதிர்த் திசையில் சுற்றும் கோஆக்ஸியல் பொம்மை. அது பெரும்பாலும் தானாகவே நிலையாக நிற்கும். பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு, ஆனால் உங்கள் விரல்கள் எதையும் கற்றுக்கொள்ளாது. என் ஓட்டு நடுவில் உள்ளதற்கு: மேலே ஒற்றை ரோட்டர், நான்கு சேனல் (ஏற்ற இறக்கம், முன்பின், இடவலம், மூக்கைத் திருப்புவது என நான்கு கட்டுப்பாடு), ஃபிக்ஸட் பிட்ச் (இறக்கையின் சாய்வு மாறாது, ரோட்டரின் வேகம்தான் மாறும்). டபிள்யூஎல்டாய்ஸ் வி911 போன்ற குட்டி ரகம் விழுந்தாலும், எடை குறைவு என்பதால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

இனி பெரிய தவறு. விழுந்தால் அடிபடக் கூடாதே என்று எல்லாரும் அரை அடி உயரத்தில் பழகுகிறோம். ரோட்டர் கீழே தள்ளும் காற்று தரையில் மோதிக் கலைவது அங்கேதான். ரோட்டரின் விட்டத்துக்குக் குறைவான உயரத்தில் ஹெலிகாப்டர் பந்தின் மேல் வைத்த தட்டு மாதிரி வழுக்கும். அதன் கால் புல்லில் சிக்கினால் அப்படியே கவிழும், இறக்கை தரையில் அடிக்கும். தயங்காமல் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். அங்கே அது சாதுவாக இருக்கும், தவறைத் திருத்தவும் ஒரு நொடி கிடைக்கும்.

மொட்டை மாடியும் வேண்டாம். கைப்பிடிச் சுவரைத் தாண்டி வரும் காற்று உள்பக்கம் சுழன்று இறங்கும். என்னுடையது அப்படித்தான் பக்கத்து வீட்டு முருங்கையில் போய் உட்கார்ந்தது. முருங்கையில் ஏறி எடுக்கவும் முடியாது!

அடுத்த தவறு, ரிமோட்டின் குச்சியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே இருப்பது. இடப்பக்கம் நகர்கிறது என்று வலப்பக்கம் தள்ளுகிறோம், அது நிற்கும்வரை விடுவதில்லை. நின்ற கையோடு வலப்பக்கம் பாய்கிறது. ஊஞ்சல் மாதிரி ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகி, கடைசியில் சுவர். லேசாகத் தட்டிவிட்டு நடுவுக்கு வந்துவிட வேண்டும். நகர்வு அடங்கும் முன்பே எதிர்த்தட்டும் தயாராக இருக்க வேண்டும்.

இதோடு சேர்ந்த ஒரு ஏமாற்று: மேலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுற்றும் ரோட்டர் என்றால், அந்தரத்தில் நிற்கும்போது ஹெலிகாப்டர் சற்று வலப்பக்கம் சாய்ந்தே நிற்கும். வால் ரோட்டர் முழு உடலையும் இடப்பக்கம் தள்ளுவதால் அந்தச் சாய்வு தேவை. கோணலாக இருக்கிறதே என்று டிரிம்மை (குச்சியின் நடுநிலையைச் சற்று நகர்த்தும் பொத்தான்) மாற்றி நேராக்கினால் இடப்பக்கம் ஓடும்.

வால் உங்களைப் பார்த்தபடி அந்தரத்தில் நிறுத்த வரும்வரை மூக்கைத் திருப்பாதீர்கள். மூக்கு உங்களைப் பார்த்தால் இடமும் வலமும் மாறிப்போகும். அப்போது எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள், சாய்கிற பந்தலுக்கு முட்டுக் கொடுப்பதுபோல. சிமுலேட்டரில் இதை நூறு முறை விழுந்து பழகலாம், காசு செலவில்லை.

விழப்போகிறது என்று தெரிந்ததும் கை த்ராட்டிலை, அதாவது ரோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சியை, மேலே தள்ளும். அனிச்சைச் செயல். தரைக்குப் பக்கத்தில் தப்ப வழியில்லை என்றால் உடனே த்ராட்டிலை முழுக்கக் கீழே இறக்கி ரோட்டரை நிறுத்திவிட வேண்டும். நின்ற ரோட்டர் விழுந்தால் கீறல், சுற்றுகிற ரோட்டர் விழுந்தால் இறக்கையும் பல்சக்கரமும் போகும்.

இந்த ஹெலிகாப்டர்களில் வரும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஒரு செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். சில நாள் பறக்கப்போவதில்லை என்றால் 3.8 வோல்ட்டில் வையுங்கள், சார்ஜ் போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள்.

விழுந்ததை ஓடிப்போய்த் தூக்கும்போதும் ரிமோட்டை அணைக்காதீர்கள். முதலில் ஹெலிகாப்டரின் பேட்டரி ஒயரைப் பிடுங்குங்கள், அதற்குப் பிறகுதான் ரிமோட்.