பூர்வகுடி இளையோரை ஆய்வுக் குழுவில் சேர்க்கும்போது செய்யக் கூடாதவை

ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களும் இளமையான சமூகங்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்களின் இடைநிலை வயது 24; அதாவது, பாதிப் பேர் அந்த வயதுக்குக் கீழே. நாடு முழுவதற்கும் அது 38. அதனால் வளரிளம் பருவ உடல்நல ஆய்வுகளை வழிநடத்தும் குழுவில் அந்தப் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்று இப்போது பலர் ஒப்புக்கொள்கிறார்கள். சேர்க்கும் விதத்தில்தான் கோளாறு.

பெரிய தவறு, தாமதம். நிதி வந்து, கேள்வித்தாளும் தயாரான பிறகு கூப்பிட்டு, "சரியா இருக்கா?" என்று கேட்பது. பத்திரிகை அடித்து, பந்தலும் போட்ட பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்பது போலத்தான் இது. "சிகரெட்டைப் பற்றியே கேட்கிறீர்களே, பள்ளியில் எங்களை எப்படி நடத்துகிறார்கள் என்று ஏன் கேட்கவில்லை?" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதன்பின் எதை மாற்ற முடியும்? எதை ஆராய்வது என்று பேசத் தொடங்கும் நாளிலேயே அவர்கள் இருக்க வேண்டும்.

அப்புறம், பேராசிரியர்கள் நிறைந்த அறையில் ஒரே ஒரு 16 வயதுப் பிள்ளையை உட்காரவைப்பது. பூர்வகுடியினர் பேசும் ஆங்கிலத்தில் 'ஷேம்' என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு: நாலு பேர் முன்னால் தன்னை மட்டும் தனியாக நிறுத்தும்போது வரும் கூச்சம். அந்தக் கூச்சத்தில் பிறக்கும் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது அநியாயம். மூன்று நான்கு பேராக அழையுங்கள். அவர்கள் நம்பும் அக்காவோ அண்ணனோ கூட இருக்கட்டும். நாட்டின் நடுவே பாலைநிலத்தில் இருக்கும் அலிஸ் ஸ்பிரிங்ஸில் வளர்ந்த பிள்ளையை, சிட்னியில் வளர்ந்தவர்களுக்கும் சேர்த்துப் பேசச் சொல்லாதீர்கள்.

இளையோரை அழைத்தோம் என்பதற்காக ஊர்ப் பெரியவர்களை ஒதுக்குவதும் தவறு. செலவழித்த நேரத்துக்குப் பணம் கொடுக்க மறக்காதீர்கள். ஊரில் இழவு விழுந்தால் கூட்டத்தைத் தள்ளிவையுங்கள். துக்கம் காக்கும் அந்த நாட்களை அவர்கள் 'சாரி பிசினஸ்' என்பார்கள்.

திரட்டிய தகவல் பிற்பாடு யார் கைக்குப் போகும் என்பதையும் இந்தக் குழுவே முடிவு செய்ய வேண்டும். அமெரிக்காவில் ஹவாசுபாய் என்ற பூர்வகுடி மக்கள் நீரிழிவு ஆய்வுக்கென்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். அது மனச்சிதைவு ஆய்வுக்கும், அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் போனது. வழக்குத் தொடுத்து, 2010இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்திடமிருந்து 7 லட்சம் டாலர் இழப்பீடு பெற்றார்கள். மிச்சமிருந்த ரத்த மாதிரிகளை ஊருக்கே திரும்பக் கொண்டுபோனார்கள்.