பாராசூட் விரிந்த பிறகு

ஏர்ஃபோர்ஸில் 20 வருஷம் பாராசூட் மடித்தேன். அது விரிந்துவிட்டால் என் வேலை முடிந்தது. குதித்தவரின் வேலை அங்கேதான் தொடங்கும். எங்கள் கம்மவான்பேட்டை மிலிட்டரிக்காரர்கள் நிறைந்த ஊர். பைலட் ஆகணும் என்று என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு, எதிரி நாட்டில் குதித்துப் பிடிபட்டால் என்ன செய்யணும் என்பதையும் சொல்லித்தான் அனுப்புவேன்.

தம்பி, தரையில் கால் பட்டதும் கையிலிருக்கும் காகிதங்களை அழி. 2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தான் பக்கம் விழுந்த நம் ஏர்ஃபோர்ஸ் பைலட் அபிநந்தன் சிலவற்றை விழுங்கினார், சிலவற்றைக் குட்டைத் தண்ணீரில் ஊறவைத்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவர் பூர்வீகம் நம் பழைய வட ஆற்காட்டுத் திருப்பணமூர்.

விசாரித்தால் பெயர், ரேங்க், சர்வீஸ் நம்பர், பிறந்த தேதி. போர்க் கைதிகளுக்கான 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி அவ்வளவு சொன்னால் போதும். எந்த விமானம், எங்கே கிளம்பினாய் என்றால், "சொல்லக் கூடாது சார்" என்று மரியாதையாகச் சொல். வீறாப்பு வேண்டாம், அடிதான் கூடும்.

சித்திரவதை செய்தால்? எந்த உடம்புக்கும் ஓர் எல்லை உண்டு. வியட்நாமில் பிடிபட்ட அமெரிக்க பைலட்டுகள் தாங்கும்வரை தாங்கினார்கள்; வாய் திறக்க வேண்டி வந்தால் உதவாத விஷயமாகப் பார்த்துச் சொன்னார்கள்; மறுநாள் மறுபடி முதலிலிருந்து மறுத்தார்கள். ஒருமுறை உடைந்தவன் துரோகி இல்லை. இதை மனசில் நன்றாகப் பதித்துக்கொள்.

அடியைவிடக் கொடியது தனிமை. அந்த அமெரிக்க பைலட்டுகளில் ஒருவரான ஸ்டாக்டேல் ஏழு வருஷத்துக்கு மேல் சிறையிலிருந்தார், அதில் நான்கு வருஷத்துக்கு மேல் தனி அறை. அவர்களைக் காப்பாற்றியது சுவரில் தட்டியே பேசும் சுவர்த் தட்டல். ஆங்கில எழுத்துகளில் 'கே'யை விட்டுவிட்டு (அதற்குப் பதில் 'சி'), வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை எழுது. முதலில் எத்தனையாவது வரிசையோ அத்தனை தட்டு. சின்ன இடைவெளி. பிறகு அந்த வரிசையில் எத்தனையாவது எழுத்தோ அத்தனை தட்டு. 'எச்' என்றால் இரண்டு, பிறகு மூன்று. 'வி' என்றால் ஐந்து, பிறகு ஒன்று. பக்கத்து அறைக்காரன் அடிபட்டுத் திரும்பியதும் முதலில் அவனுக்குத் தட்டு.

தப்பிக்க நினைத்தால் வழியை நன்றாக விசாரித்து வை. 1972 ஆகஸ்டில் ராவல்பிண்டி முகாமிலிருந்து சுவரைத் துளைத்து வெளியேறிய நம் ஏர்ஃபோர்ஸ் பைலட் பாருல்கரும் அவரோடு கைதியாக இருந்த இரு நண்பர்களும் ஆப்கன் எல்லைக்குப் பக்கத்தில் சிக்கினார்கள். அவர்கள் வழி கேட்ட லண்டி கானா ஸ்டேஷன் 1932-லேயே மூடப்பட்டது; அதில்தான் சந்தேகம் வந்தது.

தட்டலை இப்போதே பழகு. ராத்திரி நான் கூடத்தில், பேரன் சுவருக்கு அந்தப் பக்கம். முதல் நாள் அவன் பெயருக்கே பத்து நிமிஷம் ஆனது. ஒரே வாரத்தில், "சாப்டியா தாத்தா" என்று தட்டிவிட்டான்.