மாசிக்காய் மையில் எபிரேய எழுத்துப் பயிற்சி

யூதர்கள் தம் வேதமாகிய தோராவை இன்றும் தோல்சுருளில் கையாலேயே எழுதுகின்றனர். எழுதுபவர் சோஃபேர் எனப்படுகிறார். வழிபாட்டுச் சுருளை அந்நெறி பயின்ற யூதரே எழுத வேண்டும் என்பதால், இங்கே சொல்வது சென்னையில் இருந்தபடி அக்கையெழுத்தைப் பழக விரும்புவோர்க்கு மட்டுமே.

மைக்கு வேண்டிய மாசிக்காய், அன்னபேதி (இரும்பு சல்பேட்டு), கருவேலம் பிசின் மூன்றும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். மூன்று பங்கு மாசிக்காயை ஒன்றிரண்டாக இடித்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து, மண்சட்டியில் பாதியாகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டுங்கள். அதில் இரண்டு பங்கு அன்னபேதியையும் ஒரு பங்கு பிசினையும் கரையுங்கள். எழுதியவுடன் வெளிறித் தெரியும் எழுத்து காற்றுப் பட்டுப் பிறகுதான் கறுக்கும். இதை அறியாமல் அன்னபேதியைக் கூட்டிப் போட்ட என் முதல் தாள்கள் சில மாதங்களில் அரித்துப் போயின.

சென்னைப் பெரியமேட்டுத் தோல்கடைகளில் கிடைக்கும் பதனிட்ட ஆட்டுத்தோல் இதற்கு உதவாது. சுண்ணாம்பில் ஊறவைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டி உலர்த்திய தோலே வேண்டும். தொடக்கத்தில் தடித்த தாளே போதும். பேனாவுக்கு வாத்து இறகையோ நாணல் தட்டையையோ சீவிக்கொள்ளலாம்.

கோடுகளை மையால் இடக்கூடாது. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கீறுங்கள். எழுத்து அக்கோட்டின்மேல் உட்காராமல் அதிலிருந்து தொங்க வேண்டும். வலமிருந்து இடமாக, கிடைக்கோடு தடித்தும் செங்குத்துக் கோடு மெலிந்தும் வரட்டும். மனப்பாடமாக இருந்தாலும் மூலப் பிரதியைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லியே எழுத வேண்டும். இறைப்பெயர் வரும் இடத்தில் வெற்றிடம் விடுங்கள். எழுதிவிட்டால் அதை அழிப்பதோ கிழித்தெறிவதோ அந்நெறியில் தகாது.

உண்மையான கடினம் எழுத்தைச் சுற்றியுள்ள வெறுமையில்தான் இருக்கிறது. தோராவின் 3,04,805 எழுத்துகளில் எதுவும் அடுத்ததைத் தொடக்கூடாது. ஒன்று குறைந்தாலும் திருத்தும்வரை சுருள் பயன்படாது. நம் ஓலைச்சுவடிகளில் புள்ளி இல்லாததுபோல் அங்கும் உயிர்க்குறிகள் இல்லை என்பதால், எழுத்தின் வடிவமே அனைத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. தாலெத், ரேஷ் என்னும் எபிரேய எழுத்துகள் இரண்டும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே. முன்னதன் வலது தோள் கூர்மையாக முனைத்து நிற்கும், பின்னது வளைந்து இறங்கும். ஐயம் எழுந்தால், எழுத்து மட்டும் தெரிந்த, மிகக் கெட்டிக்காரனும் மந்தனும் அல்லாத ஒரு சிறுவனிடம் காட்டிக் கேட்பது யூதர் வழக்கம். சென்னையில் அப்படியொரு பிள்ளை கிடைப்பது அரிது. எதிர்வீட்டுச் சிறுமிக்கு இவ்விரண்டு எழுத்துகளை மட்டும் கற்றுத் தந்திருக்கிறேன், அவள் தயங்கினால் அந்த வரியை மறுபடி எழுதுகிறேன்.