குருவி பார்க்கக் குழு சேர்ப்பவர்கள் விடும் பிழைகள்

போன மாதம் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே நாலைந்து இளைஞர்கள் சேர்ந்து பறவை பார்க்கும் குழு ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் இருபது பிள்ளைகள் நிற்கிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. "பார்த்ததை யார் எழுதுறீங்க?" என்று கேட்டேன். எல்லோரும் ஒரே ஒருவரைக் கை காட்டினார்கள். "அண்ணனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்" என்றாள் ஒரு சிறுமி.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் நாங்களும் இதையேதான் சொன்னோம். சிவப்புச் சட்டை போடக்கூடாது, சத்தம் போடக்கூடாது என்பதெல்லாம் முதல் நாளிலேயே தானாகப் புரிந்துவிடும். அதை நான் சொல்லப் போவதில்லை.

எல்லாம் ஒருவர் கையில்

எங்கள் குழுவில் ஒரு தம்பி இருந்தார். கெட்டிக்காரர். குரலை வைத்தே குருவியைச் சொல்லிவிடுவார். அதனால் கொப்பியும் அவரிடம், படங்களும் அவர் போனில், தோட்டத்து ஆட்களோடு பேசுவதும் அவர்தான். மூன்று வருடம் ஒரு ஞாயிறும் தவறவிடாமல் எழுதினார். ஓடைக்கரைக் காட்டுத்துண்டில் ஆறுமணிக்குருவியின் குரல் ஒவ்வொரு வருடமும் எந்தத் தேதியில் முதலில் கேட்டது என்பது அந்தக் கொப்பியில் இருந்தது. காஷ்மீர் ஈப்பிடிப்பான் இரண்டு தடவை வந்ததும் இருந்தது. அந்தச் சின்னக் குருவி இமயமலைப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க நம் மலைகளுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருவது. அழியும் ஆபத்துள்ள இனம். அப்படிப்பட்ட பறவைக்கு ஓர் ஓடைக்கரையே பெரிய விஷயம்.

அப்புறம் அவருக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. மலையகத்துப் பிள்ளைகளுக்கு நடப்பதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பஸ்ஸில் போன் தொலைந்தது. கொப்பிகளை வீட்டில் பழைய பேப்பரோடு சேர்த்து நிறுத்துப் போட்டுவிட்டார்கள்.

அடுத்த வருடம் அந்தக் காட்டுத்துண்டை வெட்டப் போவதாகக் கேள்விப்பட்டு, தோட்டத்து மேலாளரான துரையைப் பார்க்கப் போனோம். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "என்ன குருவி, எந்த மாசம், எத்தனை வருஷமா வருது? எழுதிக் கொண்டு வாங்க, மேலே அனுப்புறேன்" என்றார். எங்களிடம் ஒரு தாள் இல்லை. "நிறைய வரும் சேர்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. இரண்டு கிழமையில் மரங்கள் விறகாகப் போயின. இன்றும் அந்த வளைவில் பஸ் திரும்பும்போது நான் மறுபக்கம் பார்ப்பேன்.

அதனால்தான் சொல்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் எழுதுபவர் மாறட்டும். பத்து வயதுப் பிள்ளையும் எழுதலாம். தேதி, தொடங்கிய நேரம், நடந்த தூரம், ஒவ்வொரு இனத்திலும் எத்தனை என்ற எண்ணிக்கை, இவ்வளவும் போதும். "மைனா, கொண்டைக்குருவி பார்த்தோம்" என்று பெயரை மட்டும் எழுதினால் பத்து வருடம் கழித்து அது கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியாது. அன்றைக்கே ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுச் செயலியில் ஏற்றிவிடுங்கள். அது இலவசம். சிக்னல் இல்லாத மலையிலும் போனில் பதிந்துகொண்டு, பிறகு அனுப்பலாம். ஒருவர் போட்ட பட்டியலைக் கூட வந்த மற்றவர்களின் கணக்குக்கும் பகிரலாம். கொப்பியையும் விடவேண்டாம். இரண்டு வீட்டில் இரண்டு கொப்பி இருக்கட்டும்.

பதிவு மட்டுமல்ல, குழுவை நடத்தும் வேலையும் அப்படித்தான். வழிநடத்துபவர் ஒரு மாதம் வராவிட்டாலும் நடை நடக்கவேண்டும். வேண்டுமென்றே ஒரு ஞாயிறு வீட்டில் இருந்து பாருங்கள். யாரும் வரவில்லையென்றால், அடுத்த கிழமையே இரண்டு பேரைப் பழக்கத் தொடங்குங்கள்.

சொல்லாமல் மலைக்குள் இறங்குவது

தோட்ட அலுவலகத்தில் முதல் நாளே சொல்லுங்கள். எந்த மலையில் மருந்து அடித்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். குளவிக்கூடு எங்கே இருக்கிறது என்று கொழுந்து பறிக்கும் அக்காமாரிடம் கேளுங்கள். குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அவர்கள்தான், உயிர் போனவர்களும் உண்டு. கூடு இருக்கும் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப் போகவே கூடாது. சிறுத்தைப் புலி நடமாட்டம் உள்ள தோட்டம் என்றால் விடிவதற்கு முன்னால் ஒருவரும் தனியாக வரவேண்டாம்.

போனில் குருவியின் குரலைப் போட்டு அதை அழைப்பது

வேண்டாம். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துக் குருவி இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு வரும்.

கூட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது

கூடவே கூடாது.

பட்டியல் போட்டி

யார் அதிகம் பார்த்தார்கள் என்று பரிசு கொடுத்தால், பார்க்காததையும் எழுதுவார்கள்.

ஊர்க்குருவியை மதிக்காதது

புதியவர்களைக் கூட்டிக்கொண்டு முதல் மாதமே ஹோர்ட்டன் சமவெளிக்கு வான் பிடிக்கிறார்கள். பணம் செலவாகிறது, பாதிப் பிள்ளைகளால் வர முடியாமல் போகிறது. மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி இலங்கையின் மலைநாட்டை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. உயரமான தோட்டங்களில் அது தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் உள்ள மரத்திலேயே வந்து உட்காரும். அதை முதலில் காட்டுங்கள்.

அந்த ஹட்டன் பிள்ளைகளுக்கு அன்றைக்கே கடையில் இரண்டு கொப்பி வாங்கிக் கொடுத்தேன். முதல் பக்கத்தை அந்தச் சிறுமி எழுதினாள். மைனா ஏழு, கொண்டைக்குருவி நான்கு, பெயர் தெரியாதது ஒன்று.