வரைவு விதி வந்தால் நமக்கு 30 நாள்

நான் 31 வருடம் தொலைபேசி கேபிள் ஜாயிண்டர். பாளையங்கோட்டைத் தெருக்களில் குழிக்குள் இறங்கிச் செம்புக் கம்பி ஒட்டிய காலம் முழுவதும் எங்கள் வேலைக்கு அடிப்படை 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம்தான். தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றது. அந்தச் சட்டம் நிற்கவில்லை. அதன் இடத்துக்குப் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் 2023 டிசம்பரில்தான் நிறைவேறியது.

சட்டம் பொதுவாகத்தான் பேசும். எத்தனை நாள், யாரிடம் போவது என்பதெல்லாம் விதிகளில் இருக்கும். அந்த விதிகளை முதலில் வரைவாக வெளியிட்டுக் கருத்து கேட்க வேண்டும் என்கிறது 56ஆம் பிரிவு. வழக்கமாக 30 நாள் தருவார்கள். அந்த நாட்களில் நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன்.

வரைவு மத்திய அரசிதழில் வரும். முதலில் இந்தி இருக்கும். மிரள வேண்டாம், பாதிக்கு மேல் தள்ளினால் ஆங்கிலம். கடைசித் தேதியை உடனே காலண்டரில் குறியுங்கள்.

அடுத்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எல்லோரும் மாறியதைத் தேடுவார்கள். நீங்கள் மாறாததைத் தேடுங்கள். 1885 சட்டத்தின் 5ஆம் பிரிவில் 'பொது அவசரநிலை', 'பொதுப் பாதுகாப்பு' என்ற சொற்கள் உண்டு. 2023 சட்டத்தின் 20ஆம் பிரிவிலும் அவையேதான். 'பேரிடர் மேலாண்மை உட்பட' என்று மட்டும் சேர்த்திருக்கிறார்கள். அவசரநிலை என்றால் எது? இரண்டிலும் விளக்கம் கிடையாது. இணையத்தை நிறுத்தும் அதிகாரம் இந்தச் சொற்களின் மேல்தான் நிற்கிறது.

அப்புறம், ஒரே ஒரு விதியை எடுங்கள். உங்கள் வாழ்க்கையைத் தொட்ட விதியாக இருக்கட்டும். 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, "அண்ணாச்சி, லைன் எப்ப வரும்?" என்று தினமும் என்னிடம் வந்து கேட்டார். லைனில் பழுது இல்லை. நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. எதுவரை என்பது எனக்கும் தெரியாது. 2024 ஆகஸ்டில் சேவை நிறுத்த விதிகளின் வரைவு வந்தபோது அதைத்தான் எழுதினேன்: எப்போது தொடங்கி எப்போது முடியும் என்ற ஆணையைத் தமிழில், ஊராட்சி அலுவலகத்திலும் தபால் நிலையத்திலும் ஒட்ட வேண்டும்.

எழுதும்போது இந்த வரிசையில் போங்கள்: விதி எண், அதில் இப்போதுள்ள வாசகம், அதற்குப் பதில் நீங்கள் வேண்டும் வாசகம், காரணம். வாசகத்தை நீங்களே எழுதித் தருவது முக்கியம். 'மக்கள் நலன் காக்க வேண்டும்' என்று மட்டும் எழுதினால் அதிகாரி அதை எந்த வரியில் சேர்ப்பார்? ஒரு பக்கம் போதும்.

ஆங்கிலம் வராதே என்று தயங்காதீர்கள். குறையைத் தீர்க்கக் கோரும் மனுவை, ஒன்றியத்தில் வழங்கும் எந்த மொழியிலும் மத்திய அரசு அதிகாரிக்குக் கொடுக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு. நான் தமிழில் எழுதி, பேத்தி செய்துகொடுத்த ஆங்கிலப் பெயர்ப்பையும் இணைத்தேன். தொலைத்தொடர்புத் துறை இருக்கும் புதுதில்லி அசோகா சாலை சஞ்சார் பவனுக்கு ஸ்பீடு போஸ்ட். அதே நகல் வரைவில் கொடுத்திருக்கும் மின்னஞ்சலுக்கும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

இறுதி விதிகள் 2024 நவம்பரில் வந்தன. ஒரு நிறுத்த ஆணை 15 நாளைத் தாண்டக் கூடாது, அதைக் காரணத்தோடு வெளியிட வேண்டும் என்கின்றன. என் நகலை அவற்றின் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். கிடைக்காததைத் தனித்தாளில் குறித்து அதே கோப்பில் வைத்திருக்கிறேன். அடுத்த திருத்த வரைவு வரும்போது அந்தத் தாளிலிருந்து தொடங்குவேன்.